ஐயாயிரம் வெள்ளியோடு பங்குச் சந்தைக்குள் போவதா? கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்குபவருக்கு எந்த வழி?

அக்கா மகள் பங்சார் சவுத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செந்தூலில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவியதும் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினாள். "மாமா, அஞ்சாயிரம் வெள்ளி சேத்து வச்சிருக்கேன். ஷேர்ல இறங்கலாம்னு இருக்கேன். இந்த அஞ்சு ஆப்ல எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

பதினாறு வருடமாகப் பங்கு வாங்கி விற்று வருகிறேன். குடும்பத்தில் யாருக்கு இந்தக் கேள்வி வந்தாலும் என்னிடம்தான் வரும். எந்த ஆப் என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்று அவளிடம் சொன்னேன். பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, அவளுக்கு முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எழுதினோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டே கேள்விகள். உள்ளே போகவும் வெளியே வரவும் எவ்வளவு செலவு? நாளைக்கே பணம் வேண்டும் என்றால் அதை யார், என்ன விலைக்கு வாங்கிக்கொள்வார்? லாபம் எவ்வளவு வரும் என்ற மூன்றாவது கேள்வியை வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். அதற்குப் பதில் சொல்கிறவர்கள் ஊரில் ஏராளம். முதல் இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

எழுதத் தொடங்கும் முன்பே அவளுடைய கிரெடிட் கார்டில் 1,000 வெள்ளி, அதாவது 1,000 ரிங்கிட், பாக்கி இருப்பது தெரிந்தது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்திருக்கிறாள். கார்டு பாக்கிக்கு நம் நாட்டு வங்கிகள் வருடத்துக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி போடுகின்றன. அந்த வட்டியைத் தவறாமல் தோற்கடிக்கும் பங்கு எதுவும் எனக்குத் தெரியாது. ஆகவே முதல் 1,000 கார்டுக்குப் போனது. பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் கட்டணம். தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருந்தால் போதும், அதை அடைக்க அவசரமில்லை. மிஞ்சியது 4,000. இனி வரும் கணக்கெல்லாம் அந்த நாலாயிரத்துக்குத்தான்.

சந்தைக்கு வெளியே இருப்பவை

ஷேர் பேசத் தொடங்கினாலே ஊழியர் சேமநிதியை, அதாவது இபிஎஃப்பை, எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இபிஎஃப் 2022-க்கு 5.35 விழுக்காடு கொடுத்தது, 2023-க்கு 5.50, 2024-க்கு 6.30. வழக்கமான சேமிப்புக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சம்பளத்தில் பிடிப்பது போக, நாமே விருப்பப்பட்டு ஆண்டுக்கு 1,00,000 ரிங்கிட் வரை போடலாம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. வெளியே வருவதில்தான் சிக்கல். 2024 மே மாதத்திலிருந்து போடும் பணம் மூன்றாகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும் 15 விழுக்காடு, குறிப்பிட்ட தேவைகளுக்கு மட்டும் எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்குக்கும் போய்விடும். மீதி 10 விழுக்காடு மட்டும்தான் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கில் விழும். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த எழுபத்தைந்து, முப்பது வருடம் பூட்டிய பெட்டி. ஓய்வுக்காலத்துக்கு அருமையான இடம். அவசரத்துக்குக் கை நீட்ட முடியாத இடம்.

இங்கே அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துச் சம்பாதிப்பவர், முதலாளி என்று யாரும் இல்லை. அவரைப் போன்ற சுயதொழில்காரர்களுக்கு இபிஎஃப்பில் ஐ-சாரான் என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2025-இல், அவர்கள் போடும் பணத்தில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் உச்ச வரம்போடு, அரசாங்கமே சேர்த்துக் கொடுத்தது. 2,500 போட்டால் 500. எந்தப் பங்கும் தராத லாபம் இது. தையல், கேட்டரிங், பூக்கட்டு, கிராப் ஓட்டம் என்று வாழும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் இதில் பதிந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. அந்த மதியமே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அடுத்தது அமானா சஹாம் மலேசியா, சுருக்கமாக ஏஎஸ்எம். அரசாங்கம் சார்ந்த நிறுவனம் நடத்தும் முதலீட்டு நிதி இது. அதே நிறுவனத்தின் ஏஎஸ்பி நிதி, பூமிபுத்ராக்கள் எனப்படும் மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடியினருக்கும் மட்டும். ஏஎஸ்எம், ஏஎஸ்எம் 2, ஏஎஸ்எம் 3 மூன்றும் எல்லா மலேசியருக்கும் திறந்தவை, இந்தியர்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. ஒரு யூனிட் எப்போதும் 1 ரிங்கிட். வாங்கும்போதும் அதுதான், விற்கும்போதும் அதுதான், விற்பனைக் கட்டணமும் இல்லை. 10 ரிங்கிட் இருந்தால் தொடங்கலாம். அண்மைய ஆண்டுகளில் நூற்றுக்கு நான்கு, ஐந்து என்ற சுற்றளவில் பங்காதாயம் வந்திருக்கிறது. பங்காதாயத்தை ஒவ்வொரு மாதத்தின் ஆகக் குறைந்த இருப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். அதனால் மாதக் கடைசியில் போட்டு அடுத்த மாதத் தொடக்கத்திலிருந்து ஆதாயம் பெறுவதும், எடுப்பதாக இருந்தால் மாதப் பிறப்பன்றே எடுப்பதும் புத்திசாலித்தனம். யூனிட் எப்போதும் கிடைப்பதில்லை என்பதுதான் குறை. ஒதுக்கீடு தீர்ந்திருந்தால் ஆப்பில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சீன நண்பர்கள் இதை 'திக்காம்', அதாவது அதிர்ஷ்டக் குலுக்கல், என்றே சொல்வார்கள்.

என் இரண்டு கேள்விகளுக்கும் ஏஎஸ்எம் கொடுக்கும் பதில் சுத்தமானது. செலவு பூஜ்யம். வாங்கிக்கொள்பவர் நிர்வாக நிறுவனமே, விலை 1 ரிங்கிட். அவசரப் பணம் வைக்க இதைவிட நல்ல இடம் அவளுக்கு இல்லை என்று எழுதினேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது. ஷேர் கேட்டு வந்தவளுக்கு உண்டியலைக் காட்டியது போல இருந்திருக்கும்.

ஏஜெண்ட் கொண்டுவரும் யூனிட் டிரஸ்ட்

யூனிட் டிரஸ்ட் என்பது பலருடைய பணத்தைச் சேர்த்து ஒரு நிறுவனம் முதலீடு செய்யும் நிதி. இதை விரைவாகவே கடந்தோம். நம் உறவுக்காரர் யாராவது ஒருவர் யூனிட் டிரஸ்ட் ஏஜெண்டாக இருப்பார். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார், மறுக்கவும் முடியாது. ஏஜெண்ட் வழியாக வாங்கும் பங்கு நிதிகளில் விற்பனைக் கட்டணம் 5 விழுக்காட்டைத் தொடும். 4,000 கொடுத்தால் 200 அன்றைக்கே போய்விடும். அதற்கு மேல் வருடாவருடம் ஒன்றரை விழுக்காடு போல நிர்வாகக் கட்டணம், நிதி ஏறினாலும் இறங்கினாலும். விற்பது சுலபம், அன்றைய விலைக்கு நிறுவனமே வாங்கிக்கொள்ளும். நிதிகள் மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே வகை நிதிகளை ஆன்லைனில் பாதிக்கும் குறைந்த கட்டணத்தில் வாங்க முடியும்போது, உறவுக்காக ஐந்து விழுக்காடு கொடுப்பது அவளைப் போன்றவளுக்குக் கட்டாது.

புர்சாவில் நேரடியாக வாங்குவது

இங்கேதான் நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்தோம். இரண்டு தேநீர் ஆறிப்போனது.

நம் நாட்டுப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் காலை 9 முதல் 12.30 வரை, மதியம் 2.30 முதல் 5 மணி வரை வியாபாரம். ஒரு லாட் என்பது 100 பங்கு. முன்பெல்லாம் ஒரு லாட் 1,000 பங்காக இருந்தது, சின்னச் சம்பளக்காரர் பெரிய நிறுவனத்தின் பக்கமே போக முடியாது. இப்போது 10 ரிங்கிட் விலையுள்ள வங்கிப் பங்கில் ஒரு லாட் 1,000 ரிங்கிட்டுக்கு வந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து இரண்டு வேலை நாளில் பணம் கட்ட வேண்டும், விற்றாலும் இரண்டு வேலை நாளில்தான் பணம் வரும். திங்கட்கிழமை விற்றால் புதன்கிழமை கையில்.

கட்டணம் மூன்று வகை. தரகுக் கட்டணம் தரகருக்கு. முத்திரை வரி 1,000 ரிங்கிட்டுக்கு 1 ரிங்கிட், அரசாங்கத்துக்கு. தீர்வுக் கட்டணம் 0.03 விழுக்காடு, புர்சாவுக்கு. பின்னது இரண்டும் யாருக்கும் ஒரே அளவுதான், தரகுதான் ஆளுக்கு ஆள் மாறும். ரெமிசியரை, அதாவது தரகு நிறுவனத்தின் முகவரை, கூப்பிட்டு வாங்கினால் குறைந்தபட்சம் 28 ரிங்கிட் என்றும், ஆன்லைன் தரகரிடம் குறைந்தபட்சம் 8 ரிங்கிட் என்றும் வைத்துக் கணக்குப் போட்டோம். 1,000 ரிங்கிட் பங்கை வாங்கி, அதே விலைக்கு விற்றால் ரெமிசியர் வழியில் 58.60 போய்விடும். ஆன்லைனில் 18.60. அதாவது ரெமிசியரிடம் வாங்கிய பங்கு கிட்டத்தட்ட 6 விழுக்காடு ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். ஆன்லைனில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரிய தொகை போடுபவருக்கு நல்ல ரெமிசியரின் அனுபவம் பெறுமானமுள்ளது, என் முதல் ரெமிசியர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை நான் மறக்கமாட்டேன். ஆயிரம் ஆயிரமாகத் தொடங்குபவருக்கு அந்த வழி அடைபட்ட வழிதான்.

அடுத்த முடிவு, பங்கு யார் பெயரில் இருக்கும் என்பது. நேரடி சிடிஎஸ் கணக்கில் பங்கு உங்கள் பெயரிலேயே புர்சாவின் வைப்பகத்தில் இருக்கும். கணக்குத் திறக்க 10 ரிங்கிட். பங்காதாயம் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு உங்கள் பெயருக்கு வரும், புதிதாகப் பட்டியலிடும் நிறுவனங்களின் பங்குக்கு விண்ணப்பிக்கவும் முடியும். நாமினி கணக்கில் பங்கு தரகரின் நாமினி நிறுவனத்தின் பெயரில் இருக்கும், நீங்கள் அதன் பின்னால் நிற்கும் உடைமையாளர். தரகு பெரும்பாலும் மலிவு, ஆப் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் பங்காதாயம் அவர்கள் வழியாகத்தான் வரும், வேறு தரகருக்கு மாற்றினால் கட்டணம் கேட்கலாம். நான் நேரடி சிடிஎஸ் பக்கம். ஓரிரண்டு ரிங்கிட் கூடுதலாகப் போனாலும், தன் பெயர் பங்குப் பதிவேட்டில் இருக்கும்போது ஒருவர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து பார்க்கிறார். வருடத்தில் இரண்டே தடவை வாங்கப்போகிறவளுக்கு அந்த வித்தியாசம் மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக் கடையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்காசுகூட வராது.

குடும்பஸ்தர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இபிஎஃப்பில் வாரிசு பெயர் எழுதிவைக்கலாம், சிக்கலில்லாமல் கைக்குப் போகும். சிடிஎஸ் கணக்கில் இருக்கும் பங்கோ உரியவர் இறந்துவிட்டால் உயில், நீதிமன்ற ஆவணம் என்று அலைய வைக்கும். திறந்த கணக்கைப் பற்றி வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

இப்போது என் இரண்டாவது கேள்வி. நாளைக்கு யார் வாங்குவார்? இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு நம் சமுதாயத்தின் வரலாறே காரணம். பணத்தைச் சேர்த்து ஒன்றாகப் போடுவது நமக்குப் புதிதல்ல. இந்த நாட்டில் 1971-இல் சட்டம் போட்டுத் தடை செய்த 'கூட்டு' என்ற சீட்டு முறைக்குப் பெயரே நம் மொழியிலிருந்து போனதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவரான துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள், கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்த நம்பிக்கையின் அடுத்த அலையாக 1980-களில், இந்தியர்களின் பணத்தைச் சேர்த்த முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் போட்டார்கள். அது சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். விற்க வேண்டும் என்று நினைத்த பங்குதாரர் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய் நிற்க ஒரு சந்தை இல்லை, பார்க்க ஒரு விலையும் இல்லை. சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு பங்கு 80 காசுக்கு வாங்கப்பட்டது. பட்டியலிட்ட பங்கிலும் நஷ்டம் வரும். ஆனால் நஷ்டம் எவ்வளவு என்பது அன்றன்றைக்குத் தெரியும், வெளியேறக் கதவும் திறந்திருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் ஷேர் என்றாலே கையெடுத்துக் கும்பிடுவதற்கு இந்த அனுபவம் ஒரு காரணம். அவர்கள் பயந்தது சந்தையைக் கண்டு அல்ல, சந்தையே இல்லாத பங்கைக் கண்டு என்று நான் நினைக்கிறேன்.

சந்தை உள்ள பங்கிலும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஆள் இருப்பதில்லை. 20 காசு, 15 காசுப் பங்குகள் புதியவர்களை இழுக்கும். "ஆயிரம் வெள்ளிக்கு ஐயாயிரம் பங்கு" என்பது கேட்க நன்றாக இருக்கும். 1 ரிங்கிட்டுக்குக் கீழே விலை அரைக் காசு அரைக் காசாகத்தான் நகரும். 20 காசுப் பங்கில் அரைக் காசு என்பது 2.5 விழுக்காடு. வாங்குபவர் 19.5 காசு கேட்க, விற்பவர் 20 காசு சொல்ல, நீங்கள் 20-க்கு வாங்கிய நொடியே 2.5 விழுக்காடு கீழே இருக்கிறீர்கள், கட்டணம் தனி. அதே 10 ரிங்கிட் பங்கில் ஒரு படி என்பது 2 காசுதான், அதாவது 0.2 விழுக்காடு. இந்த ஒரு கணக்கைப் பார்த்ததும் அவள் தன் போனில் குறித்து வைத்திருந்த நான்கு பங்குகளில் மூன்றை அழித்தாள்.

நல்ல பெரிய நிறுவனமாகப் பார்த்து வாங்கினால் பயமில்லையா? அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைத் தொகுத்துக் காட்டுவது கோலாலம்பூர் குறியீடு. 1997 பிப்ரவரியில் 1,271-இல் இருந்த அது 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி 262-க்கு வந்தது. 100 வெள்ளி 21 வெள்ளி ஆன கதை அது. 2018 ஏப்ரலில் 1,890-ஐத் தாண்டிய குறியீடு 2020 மார்ச்சில் 1,220 வரை இறங்கியது. 2020-இல் கோவிட் வந்தபோது கையுறை நிறுவனப் பங்குகள் பறந்தன. நானும் ஒரு கையுறைப் பங்கை, எல்லாரும் வாங்குகிறார்கள் என்பதற்காக மட்டும், ஆகஸ்ட் மாத உச்சத்துக்குப் பக்கத்தில் வாங்கினேன். பதினெட்டு மாதம் வைத்திருந்து, போட்டதில் கால்வாசிக்கு விற்றேன். நிறுவனத்தின் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. அது கையுறை செய்தது, விற்றது. அதன் லாபம் ஒரு நோயின் காலத்தோடு கட்டுண்டது என்பதை நான் யோசிக்கவில்லை. இதை அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.

எப்படி வாங்குவது என்பதற்கு நான் சொன்னது இவ்வளவுதான். உன் கண்ணுக்குத் தெரியும் தொழிலாக இருக்கட்டும், பங்காதாயம் பல வருடமாகக் கொடுத்து வந்ததாக இருக்கட்டும், பணத்தை ஒரே நாளில் போடாமல் பிரித்துப் போடு. மிட் வேலி மெகாமாலுக்கு ஒவ்வொரு மாதமும் போகிறாள். அந்தக் கட்டடத்தை வைத்திருக்கும் ரீட், அதாவது கட்டடங்களை வாடகைக்கு விடும் முதலீட்டு நிதி, 2012-லிருந்து புர்சாவில் இருக்கிறது. கடைகள் கட்டும் வாடகைதான் அதன் வருமானம், ரீட்கள் வருமானத்தில் பெரும்பகுதியை யூனிட்தாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். வாங்கு என்று சொல்லவில்லை. ஒரு மாடியில் எத்தனை கடை காலியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கணக்கிடக்கூடிய தொழில் அது என்பதற்காகச் சொன்னேன். எக்ஸ் தேதி என்ற ஒன்றையும் விளக்கினேன். அந்தத் தேதிக்கு முன் பங்கு கையில் இருந்தால்தான் பங்காதாயம் கிடைக்கும். ஆனால் அன்று காலை விலையும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கித் தொடங்கும். முதல் நாள் வாங்கி மறுநாள் விற்று இலவசமாகப் பணம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

தனிநபர் பட்டியலிட்ட பங்கை விற்று வரும் லாபத்துக்கு நம் நாட்டில் மூலதன ஆதாய வரி கிடையாது. பங்காதாயம் ஆண்டுக்கு 1,00,000 ரிங்கிட்டைத் தாண்டினால் மட்டும், 2025-லிருந்து, தாண்டிய பகுதிக்கு 2 விழுக்காடு. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட இன்னும் காலம் இருக்கிறது.

அமெரிக்கப் பங்குகள் பற்றிக் கேட்டாள். பங்காதாயத்தில் 30 விழுக்காட்டை அங்கேயே பிடித்துவிடுவார்கள். அதைவிடப் பெரியது நாணயம். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட் பக்கம் போனது, செப்டம்பர் கடைசியில் 4.12 பக்கம் வந்துவிட்டது. பங்கு விலை அசையாமல் இருந்திருந்தாலும் 4,800 போட்டவர் கையில் 4,120. முதல் வருடத்தில் இரண்டு சந்தையை ஒன்றாகப் படிக்க வேண்டாம் என்று அதை மடித்து வைத்தோம்.

தினமும் வாங்கி விற்பது

அவள் மனசில் உண்மையில் இருந்தது இதுதான். காலையில் வாங்கி மாலையில் விற்று, நாளுக்கு ஐம்பது வெள்ளி. வீடியோக்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள்.

4,000 ரிங்கிட்டை முழுவதும் போட்டு ஒரு தடவை வாங்கி விற்றால், மலிவான ஆன்லைன் தரகரிடமே, தரகு 16, முத்திரை வரி 8, தீர்வுக் கட்டணம் 2.40, ஆக 26.40. வாரத்துக்கு மூன்று தடவை, வருடத்துக்கு ஐம்பது வாரம். 150 தடவைக்கு 3,960 ரிங்கிட். கையில் இருக்கும் மொத்தப் பணமும் கட்டணத்துக்கே போகிறது. வருட முடிவில் அவள் பணம் அப்படியே 4,000-ஆக இருக்கவே, கட்டணத்துக்கு முன் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு லாபம் சம்பாதித்திருக்க வேண்டும். அவள் கால்குலேட்டரை வாங்கி இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். அதே எண்தான் வந்தது.

தவிர, சந்தை நடப்பது அவள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில். கழிவறைக்குப் போய்ப் போனைப் பார்த்து வாங்குபவரோடு, அதையே தொழிலாகக் கொண்டு நான்கு திரை வைத்து உட்கார்ந்திருப்பவர் எதிரே இருக்கிறார். காண்ட்ரா என்று ஒன்றும் உண்டு. பணம் கட்டாமலே வாங்கி, கட்ட வேண்டிய நாளுக்கு முன் விற்று, வித்தியாசத்தை மட்டும் வாங்கிக்கொள்வது அல்லது கொடுப்பது. 1990-களில் தரகர் கூடங்களில் வீடு வாசல் இழந்தவர்கள் பலர் விழுந்தது அந்தக் குழியில். அப்படி ஒரு கணக்கை யாராவது திறந்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். இதில் நான் வேறு எதிலும் இல்லாத அளவு கறாராக இருந்தேன்.

செம்பனை எண்ணெயும் ஃபோரெக்ஸும்

புர்சாவின் கச்சாச் செம்பனை எண்ணெய் ஒப்பந்தம், எஃப்சிபிஓ, பின்னால் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது, உலகமே விலை பார்க்கும் ஒப்பந்தம். நம் தாத்தா பாட்டி குலை வெட்டிய பயிர் என்பதால் அதன் மேல் நமக்கு ஓர் ஒட்டுதல் இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை இரவு 9 முதல் 11.30 வரையும் நடப்பதால் வேலைக்குப் போகிறவர்களை இழுக்கிறது. ஒரு ஒப்பந்தம் 25 டன். டன் 4,000 ரிங்கிட் என்றால் 1,00,000 ரிங்கிட் சரக்கு, அதில் ஒரு சிறு பகுதியை முன்பணமாகக் கட்டினால் போதும். டன்னுக்கு 100 ரிங்கிட் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் 2,500 ரிங்கிட் போகும், அது ஒரே நாளில் நடக்கும். அவளுடைய நாலாயிரம் அந்த மேசையில் உட்காரவே போதாது. ஒழுங்கான, சட்டபூர்வமான சந்தை அது. ஆலை வைத்திருப்பவருக்கும் எண்ணெய் வாங்குபவருக்கும் தேவையானது. புதியவருக்கு அல்ல.

ஃபோரெக்ஸ், அதாவது வெளிநாட்டு நாணய வியாபாரம், பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. டெலிகிராம் குழுவில் 'சார்' ஒருவர், தினமும் லாபத்தின் படம், 500 வெள்ளி போட்டால் ஒரு மாதத்தில் 2,000. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் ஒரு லாரி ஓட்டுநர், மகள் படிப்புக்கு வைத்திருந்த 18,000 ரிங்கிட்டை அப்படி இழந்தார். திரையில் அவர் கணக்கு 60,000 காட்டியது. எடுக்கப் போனபோது வரி கட்டு, கட்டணம் கட்டு என்று மேலும் கேட்டார்கள். பிறகு குழுவே மறைந்துவிட்டது. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, உரிமம் இல்லாதவரோடு வெளிநாட்டு நாணயம் வாங்கி விற்பதே குற்றம். உரிமம் பெற்ற உள்நாட்டு வங்கிகளோடுதான் செய்யலாம். பங்கு விஷயத்தில் யார் வந்து பேசினாலும், சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் தனியாக ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது. அதைவிட எளிய அடையாளம் ஒன்று உண்டு. பணத்தை ஒரு தனி ஆளின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்து. உரிமம் பெற்ற தரகர் எவரும் அப்படிக் கேட்பதில்லை.

நோட்டில் கடைசியாக எழுதியது

மாலை ஆறு மணிக்குத் தீர்மானத்துக்கு வந்தோம். 2,000 ஏஎஸ்எம்மில், யூனிட் கிடைக்கும்வரை சேமிப்புக் கணக்கில். அது தொடாத பணம். இன்னொரு 2,000 நேரடி சிடிஎஸ் கணக்கில், 1,000 இப்போது, 1,000 ஆறு மாதம் கழித்து. மாதச் சம்பளத்தில் 150 ஒதுக்கி, 1,000 சேரும்போதெல்லாம் ஒரு லாட். 150-க்கு 150-ஆக வாங்கினால் குறைந்தபட்சத் தரகே 5 விழுக்காட்டைத் தின்றுவிடும், அதனால் சேர்த்து வாங்குவது. ஆப் எது என்ற கேள்வி, நேரடி சிடிஎஸ் கொடுக்கிறதா, குறைந்தபட்சத் தரகு எவ்வளவு என்ற இரண்டில் தானாகவே தீர்ந்தது. அவள் காட்டிய ஐந்தில் மூன்று அங்கேயே விழுந்துவிட்டன.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுத்தேன். 4,000-த்தையும் ஏஎஸ்எம்மிலேயே வைத்துவிட்டு ஒரு வருடம் வெறுமனே பார் என்பதுதான் என் முதல் யோசனை. "பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு வராது மாமா, என் காசு உள்ள இருந்தாத்தான் படிப்பேன்" என்றாள். யோசித்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் படித்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். ஒரு வங்கியின் பங்கு 100, கட்டணம் 9 ரிங்கிட் சொச்சம். கீழே கேட்டிருந்தாள்: "மாமா, இவங்க ஆண்டறிக்கை முந்நூறு பக்கத்துக்கு மேல இருக்கு. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கறது?" பணப்புழக்க அறிக்கையிலிருந்து என்று எழுதினேன். பிறகு, அது வங்கி என்பது நினைவுக்கு வந்து, வாராக்கடன் எவ்வளவு என்ற பக்கத்தை முதலில் தேடு என்று திருத்தி அனுப்பினேன்.